கொல்லிமலை: உச்சியில் நாடுகள், ஓரமெல்லாம் செங்குத்து

பள்ளிப் பாடநூலில் தென்னிந்திய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் இரண்டு பழுப்புக் கோடுகளாக நினைவிருக்கும். மேற்கே உள்ள கோடு ஏறக்குறைய உண்மைதான்; பாலக்காட்டுக் கணவாய் போன்ற சில இடைவெளிகளைத் தவிர அது தொடர்ந்தே செல்கிறது. கிழக்கே உள்ள கோடு நம்மை ஏமாற்றுகிறது. ஒடிசாவில் மகாநதிப் பக்கம் தொடங்கித் தெற்கு நோக்கி வரும் அந்த மலைத்தொடர் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை, பாலாறு என்று ஒவ்வோர் ஆற்றாலும் அறுபட்டு, தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது தனித்தனி மலைகளாகிவிடுகிறது. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், போதமலை, பச்சைமலை, கொல்லிமலை. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சமவெளிக்கு இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும்.

இந்தத் துண்டு மலைகளைப் புரிந்துகொள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்ப்பதே நல்ல வழி. நான் கொல்லிமலையைத் தேர்ந்தெடுக்கிறேன். சங்கப் புலவர்கள் இதைப் பாடியிருக்கிறார்கள், ஆற்று நீர் இங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிகிறது, மக்கள் இன்றும் மேலேயே உழுது வாழ்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் அதன் வடிவம். அந்த வடிவத்தைச் சரியாக மனத்தில் வாங்கிக்கொண்டால், இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

மலையின் வடிவம்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், நாமக்கல் நகருக்கு வடகிழக்கே இருக்கிறது. 1997-இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இது சேலம் மாவட்டத்து மலை. கிழக்குச் சரிவில் இறங்கினால் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை; வடகிழக்கே, தம்மம்பட்டிப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் பச்சைமலை. வடக்குத் தெற்காகச் சுமார் 28 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 19 கிலோமீட்டர். பெரிய மலை என்று சொல்ல முடியாது.

மலை என்றவுடன் பலரும் மனத்தில் வரைவது ஒரு கூம்பு. அடியில் அகலம், மேலே கூர்மை. கொல்லிமலைக்கு இந்தப் படம் பொருந்தவே பொருந்தாது. அதன் ஓரங்கள் செங்குத்தாக எழுகின்றன. ஆனால் ஏறி முடித்ததும் ஒரு சிகரத்தில் நிற்கமாட்டீர்கள். அங்கே ஏற்ற இறக்கமான ஒரு பரந்த நிலம் விரிந்திருக்கும். வயல்கள், ஓடைகள், ஊர்கள், சந்தை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகங்கள் எல்லாம் அந்த மேல்நிலத்தில்தான். நிலவியலார் இதைப் பீடபூமி என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அந்தப் பரப்பு இருக்கிறது. அடியிலுள்ள நாமக்கல் சமவெளி ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நிலம் ஒரேயடியாக 800 மீட்டருக்கு மேல் எழுந்துவிடுகிறது.

புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு விளக்கம் இதுதான். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. வாகனம் திணறாமல் ஏற வேண்டுமென்றால் சாலை மெதுவாகத்தான் உயர வேண்டும். 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் சாலையாக இருந்தால், 1000 மீட்டர் ஏறுவதற்கு 20 கிலோமீட்டர் நீளம் தேவை. ஆனால் சரிவின் அகலமோ சில கிலோமீட்டர்தான். நீளத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மடித்து மடித்துத்தான் வைக்க முடியும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு வளைவு. சுற்றுலா விளம்பரங்கள் இந்த எண்ணிக்கையை ஒரு சாகசமாகவே விற்கின்றன. எனக்கு அது அந்தச் சரிவின் செங்குத்தை அளந்து சொல்லும் எண்ணாகவே படுகிறது. முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் மேலே செல்கிறது. பாதை குறுகிய வளைவுகளில் சுழலுவதை விரும்பாதவர்கள் அதில் போகலாம்.

இந்த வடிவம் எப்படி வந்தது

கொல்லிமலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள் இவை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும்: பாறையின் வயது வேறு, மலையாக நிற்கும் வயது வேறு. ஆழத்தில் உருவான பாறை வெளியே தெரிய வேண்டுமென்றால் அதன் தலைமேல் இருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை முழுவதும் அரிக்கப்பட்டுப் போயிருக்க வேண்டும். கொல்லிமலையில் நாம் கால்வைத்து நிற்கும் கல், ஒரு காலத்தில் நிலத்தின் வயிற்றுக்குள் இருந்த கல்.

நெடுங்காலம் மழையில் கிடந்த பழைய மரப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்: மென்மையான பகுதிகள் தேய்ந்து குழிந்திருக்கும், முடிச்சுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வடதமிழ்நாட்டு மலைகளில் நடந்ததும் பெருமளவு அதுதான். சேலம், ஆத்தூர் பகுதியில் பூமியின் மேலோடு பழங்காலத்தில் நசுங்கி நொறுங்கிய நீண்ட பட்டைகள் இருக்கின்றன. அந்தப் பட்டைகளில் பாறை பலவீனமானது. ஆறுகள் அங்கே வழி கண்டு அறுத்தன. சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் வழியாகச் செல்லும் பள்ளத்தாக்கு அப்படி உருவானது. வசிஷ்ட நதி அதில் ஓடுகிறது. பலவீனம் இல்லாத இடத்தில் சார்னோக்கைட் கட்டி அசையாமல் நின்றது. அதைத்தான் இன்று மலை என்கிறோம். நிலம் மேலெழுந்ததற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு துண்டு இங்கேயும் இன்னொரு துண்டு அங்கேயும் நிற்பதற்கு, சுற்றியிருந்தது போனதே முக்கியக் காரணம்.

மேல்பரப்பு மிகப் பழையது என்பதற்கு மலையிலேயே ஒரு சாட்சி உண்டு. அது பாக்சைட், அலுமினியத்தின் தாதுக்கல். வெப்பமும் மழையும் மிகுந்த சூழலில், பாறையிலுள்ள சோடியம், கால்சியம், சிலிக்கா ஆகியவை மெல்ல மெல்லக் கரைந்து வெளியேற, கரைய மறுக்கும் அலுமினியமும் இரும்பும் எஞ்சி நிற்கும்போது பாக்சைட் உருவாகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள்: நெடுங்காலம் வேண்டும், நிலம் ஏறக்குறையத் தட்டையாக இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் மண் உருவாக உருவாக அடித்துப் போய்விடும். கொல்லிமலையின் உச்சியிலும் சேர்வராயனின் உச்சியிலும் பாக்சைட் தொப்பி போட்டதுபோல் படிந்திருக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் தாழ்வான, பரந்த, தட்டையான நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்திருக்க வேண்டும் என்று நிலவியலார் கருதுவதற்கு இதுவே அடிப்படை. இந்தப் பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல ஆண்டுகள் வெட்டினார்கள். இப்போது வெட்டுவதில்லை.

தண்ணீர் எங்கே போகிறது

தட்டையான உச்சி மழையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கூம்பு மலையில் பெய்த மழை உடனே ஓடிவிடும். பீடபூமியில் மண்ணில் இறங்கி, ஓடைகளாகக் கசிந்து, மாதக்கணக்கில் மெல்ல வெளியேறும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொல்லிமலைக்கு உண்டு. அதனால்தான் நாமக்கல் சமவெளி காய்ந்துகிடக்கும் காலத்திலும் மேலே ஓடைகளில் நீர் இருக்கிறது. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆகவே ஆவியாகி வீணாகும் நீரும் குறைவு.

மேல்நிலத்து ஓடைகள் சேர்ந்து ஐயாறு என்ற ஆறாகின்றன. பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடிவரும் ஐயாறு, பீடபூமியின் ஓரத்தை எட்டியதும் வேறு வழியில்லாமல் குதிக்கிறது. ஆகாய கங்கை அருவி இப்படிப் பிறந்ததுதான். அருவியின் அடியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கும் என்றாலும் இறங்கிப் பார்க்கச் சொல்வேன்; மேலே நிதானமாக வயல்களுக்கிடையே ஓடிய அதே நீர் இப்படி முழங்கிக்கொண்டு விழுவதைக் கண்டால் பீடபூமி என்றால் என்ன என்பது உடம்புக்கே புரிந்துவிடும். விழுந்த நீர் பள்ளத்தாக்கு வழியாகப் புளியஞ்சோலைக்கு இறங்கி, துறையூர்ப் பக்கத்துச் சமவெளிக்குப் போகிறது. இது காவிரிப் படுகையைச் சேர்ந்தது.

வடக்குப் பக்கத்து நீரின் கதை வேறு. அங்கிருந்து இறங்குவது சுவேத நதி. அது தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியாகக் கிழக்கே சென்று வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து மேட்டில் பெய்த இரண்டு துளிகளில் ஒன்று காவிரிப் படுகைக்கும் இன்னொன்று வெள்ளாற்றுக்கும் போகக்கூடும். இப்படிப் பிரிக்கும் மேட்டை நீர்ப்பிரிமேடு என்பார்கள். சமவெளியில் நின்று பார்க்கும்போது மலை வெறும் தடுப்பாகத் தெரிகிறது; கீழே இருக்கும் பல ஊர்களின் கிணறுகளுக்கு அதுவே தலையூற்று.

ஓரியின் மலை

இந்த மலையின் எழுதப்பட்ட வரலாறு சங்கப் பாடல்களில் தொடங்குகிறது. அதன் தலைவனாக நமக்குத் தெரியவரும் முதல் பெயர் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் அவனைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேட்டையில் அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பாணர்கள் அவனை யாரென்று அறியாமலே வியந்து நின்று பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். பிறகு வேட்டையில் கிடைத்த இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளோடு கலந்து கொடுக்கிறான். ‘ஈயென இரத்தல் இழிந்தன்று’ என்று தொடங்கும் 204-ஆம் பாடலும் ஓரியை நோக்கிக் கழைதின்யானையார் பாடியதே. ஆனால் அந்த அடியை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் கொல்லிமலையை நினைப்பதில்லை.

ஓரியின் முடிவு போரில் வந்தது. முள்ளூர் மன்னன் காரி, அதாவது திருக்கோவலூர்ப் பக்கம் ஆண்ட மலையமான், ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்களுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209-ஆம் பாடலில் கல்லாடனார் சொல்கிறார். ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் காரியின் குதிரைக்குக் காரி என்றும் பெயர் என்பதைச் சிறுபாணாற்றுப்படையிலிருந்து அறிகிறோம். பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை, கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இரு பெரு வேந்தரையும் வென்றதாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது.

இந்தச் சிறு மலைக்கு ஏன் இவ்வளவு சண்டை? வரைபடத்தை விரித்தால் விடை தெரிகிறது. தெற்கே சேரர்களின் கருவூர். வடக்கே அதிகமானின் தகடூர், இன்றைய தருமபுரி. வடகிழக்கே மலையமானின் திருக்கோவலூர். மூவரின் நிலத்துக்கும் நடுவில், ஆத்தூர்ப் பள்ளத்தாக்கின் வழியையும் காவிரிக் கரைக்குப் போகும் வழியையும் மேலிருந்து பார்க்கும் இடத்தில் கொல்லி இருக்கிறது. அதோடு மேலேயே நீரும் விளைநிலமும் இருப்பதால் ஒரு தலைவன் கீழே இறங்காமலே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியும். ஏறிவரும் படையோ சரிவில் ஒற்றையடிப் பாதைகளில்தான் வர வேண்டும். கோட்டை கட்டத் தேவையில்லாத மலை. இது பாடல்களில் நேராகச் சொல்லப்பட்டதல்ல, நிலத்தைப் பார்த்து நான் கொள்ளும் முடிவு. ஆனால் வேறு விளக்கம் எனக்குப் பொருந்தி வரவில்லை.

சங்கப் பாடல்களில் கொல்லிக்கு இன்னொரு புகழும் உண்டு: கொல்லிப்பாவை. தெய்வம் செய்து வைத்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுருவம். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு கெடாத பாவை என்று நற்றிணையின் 201-ஆம் பாடல் சொல்கிறது. அகப்பாடல்களில் தலைவியின் அழகுக்கு அதை ஒப்பிடுவார்கள். இன்று மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே அந்தப் பாவை என்பது மலைமக்களின் நம்பிக்கை.

அதே நற்றிணைப் பாடல் கொல்லியை ‘செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி’ என்கிறது. பலா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பருவத்தில் சோளக்காடு சந்தைக்குப் போனால் குவியல் குவியலாகப் பார்க்கலாம். ஆனால் வன்பரணர் பாடிய யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை. பெருவிலங்குகள் ஒரு காட்டில் நிலைக்க வேண்டுமென்றால் அங்கிருந்து அடுத்த காட்டுக்குப் போக வழி வேண்டும். சுற்றிலும் உழுநிலமும் சாலையுமாகச் சமவெளி நிறைந்துவிட்ட ஒரு தனி மலையில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். தேவாரத்தில் அறப்பள்ளி என்று குறிக்கப்படும் வைப்புத் தலம், அதாவது தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் இடம்பெறும் தலம், இந்த மலைமேல் உள்ள கோயில்தான். பெரிய புராணத்தில், காவிரிக்கு அருகே திருச்சிப் பக்கம் உள்ள திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் முயலகன் என்ற வலிப்பு நோய் தீர்த்த பெண் கொல்லி மழவன் என்ற தலைவனின் மகள். மலையின் பெயரைத் தாங்கிய ஒரு குலம் காவிரிக் கரை வரை செல்வாக்கோடு இருந்தது என்பதை அதிலிருந்து அறிகிறோம். சித்தர்கள் தவமிருந்த குகைகள், மூலிகைகள் பற்றிய மரபுகளும் இங்கே நிறைய உண்டு.

மலைமேல் நாடுகள்

இன்று மேலே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரப் பக்கத்திலிருந்து சகோதரர்கள் சிலர் புறப்பட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்களிடையே வழங்கிவரும் கதை. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது ஆகியவற்றிலும் மலையாளிகளே வாழ்கிறார்கள். கதையின் வரலாற்று உண்மை எப்படியிருந்தாலும், ஆறுகள் அறுத்துப் பிரித்த இந்த மலைகளை ஒரே குடும்பமாக மக்கள் நினைத்தார்கள் என்பதற்கு அது சான்று.

மேல்நிலம் பல ‘நாடு’களாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவானூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் பெயர்கள். இன்றைய 14 ஊராட்சிகளின் பெயர்களும் இவையே. ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டக்காரரும் ஊர்க்கவுண்டர்களும் இருந்து வழக்குகளைத் தீர்த்தார்கள், திருவிழாக்களை நடத்தினார்கள். மேட்டுக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனித்தனிச் சமூகமாக வளர்ந்ததன் அடையாளம் இந்தப் பிரிவுகள் என்று நான் நினைக்கிறேன். அரசு அலுவலகங்கள் இருக்கும் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரி விழாவும் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மலையின் மக்கள்தொகை சுமார் 40,000.

1792-இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையின்படி சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் கீழ் மலைச்சரிவுகள் காப்புக் காடுகளாயின. இதன் விளைவைக் கவனியுங்கள்: ஊரும் வயலும் உச்சியில், அரசின் காடு அதைச் சுற்றி வளையமாக. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தாராளமாகப் புழங்கிய சரிவு திடீரென்று அனுமதி கேட்க வேண்டிய இடமாகிவிட்டது. பல மலைகளில் இன்றும் தீராமல் இருக்கும் வன உரிமைச் சிக்கல்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

ஆனாலும் வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் குடியேறவில்லை. காரணம் மலேரியா. மலையோடைகளின் தெளிந்த நீரில் பெருகும் கொசு இதைப் பரப்பியது. கொல்லிமலைக் காய்ச்சல் என்றாலே சமவெளி மக்களும் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை மீறி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர். நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார்; அது மலேரியாவின் கொடிய வடிவம். ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடாமல் உழைத்து 1974-இல் இறந்தார். மலையிலேயே சிறுவயதைக் கழித்த அவர்களின் மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் இயங்கச் செய்த முன்னோடியானார். நாடு தழுவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கிய பிறகே இந்த மலைகளின் காய்ச்சல் அச்சம் தணியத் தொடங்கியது.

நிலத்தில் என்ன விளைகிறது

மலைமக்கள் நிலத்தை அதன் சாய்வைப் பார்த்தே பயன்படுத்தினார்கள். ஓடை ஓடும் பள்ளத்தில் படிப்படியாக வயல் கட்டி நெல். அதற்கு மேலே மேட்டு நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. ஒரே தானியத்திலும் பல ரகங்கள் இருந்தன. சில சீக்கிரம் விளையும், சில வறட்சியைத் தாங்கும், சில நல்ல வைக்கோல் தரும். எந்த ஆண்டு எப்படி மழை பெய்யும் என்று தெரியாத இடத்தில் பல ரகங்களை விதைப்பதுதான் காப்பீடு.

இந்த ஒழுங்கைக் கலைத்தது மரவள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலம் பகுதியில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் தொழில் வேகமாக வளர்ந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சாலை வந்து லாரி மேலேறத் தொடங்கியதும், மேட்டு நிலத்துச் சாமைக்குப் பதிலாக மரவள்ளி வந்தது. விவசாயிகளைக் குறை சொல்ல என்னால் முடியாது. மரவள்ளி கையில் பணம் தருகிறது. சாமையை உண்ண வேண்டுமென்றால் உரலில் இட்டுக் குத்தி உமி நீக்க வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தோளில்தான் விழுந்தது. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. பாக்சைட் உருவாக எடுத்த காலத்தை நினைத்தால், ஒரு அங்குல மண் போவது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. ஊர் விதை வங்கிகள், உமி நீக்கும் சிறு இயந்திரங்கள், சந்தைப்படுத்த மகளிர் குழுக்கள் என்று அந்தப் பணி நடந்தது. இதில் இயந்திரம்தான் முக்கியமானது என்பேன். குத்தும் வேலை குறையாமல் ‘பாரம்பரிய உணவு நல்லது’ என்று பேசுவதில் பயனில்லை.

இப்போது கண்ணில் அதிகம் படுவது மிளகும் காப்பியும். சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் மிளகுக் கொடியை ஏற்றுகிறார்கள், நிழலில் காப்பி. அன்னாசி, வாழை, பலாவும் உண்டு. மரங்கள் இருப்பதால் மரவள்ளியைவிட மண்ணுக்கு நல்லது. ஆனால் ஒரே இன மரம் நிற்கும் தோட்டம், ஓடையோரங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் பசுமைமாறாச் சோலைக்கு ஈடாகாது.

பக்கத்து மலைகள்

இதே வடிவமுள்ள அண்டை மலைகளின் வரலாறு வேறு வேறு திசைகளில் போயிருக்கிறது. சேர்வராயன் சேலம் நகருக்கு மிக அருகில் இருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயர் தோட்டங்களும் பங்களாக்களும் பள்ளிகளும் வந்தன, ஏற்காடு உருவானது. கல்வராயனில் நிலைமை கடினமானது. நிலமானியம் பெற்ற ஜாகிர்தார்களின் ஆட்சியும் கூலியில்லாக் கட்டாய வேலையும் அங்கே நாடு விடுதலை பெற்ற பிறகும் தொடர்ந்தன. 1970-களின் நடுவில்தான் அரசு அந்த ஜாகிர்களை முழுமையாக எடுத்துக்கொண்டது. ஜவ்வாதுக்கும் கல்வராயனுக்கும் இடையே உள்ள செங்கம் கணவாய், மைசூர்ப் படைகள் தமிழகத்தின் கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் வாசலாயிற்று. 1767-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் அங்கே மோதினார்கள். ஜவ்வாது மலையின் மேல்நிலத்திலோ, நகர விளக்குகளின் ஒளி எட்டாத காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.